மிதோதோக் இருந்த கிளை

ஓக் கும்ரே எங்கள் ஆய்வு மையத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தார். அந்த ஒன்பது வருடத்தில் மனசுக்குச் சம்மதமில்லாமல் ஒரே ஒரு வரியைத்தான் மாற்றினார். மாற்றச் சொன்னவன் நான். என் பெயர் பியோ சாங்உக். கடல் பிராணிகளை இனம் பிரிப்பது என் தொழில். எந்தப் பிராணி எதற்குப் பங்காளி என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதைப் பீற்றிக்கொள்வதற்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த தலைக்கனத்தின் அளவு தெரிந்தால்தான் மற்றது விளங்கும்.

மையம் மசான் நகருக்குத் தெற்கே, சின்தோங் விரிகுடாவைப் பார்த்தபடி இருக்கிறது. உள்ளே நான்கு கூட்டம். கடல்நீரைச் சோதிக்கிற வேதியியல்காரர்கள், பிராணிகளைப் பார்க்கிற நாங்கள், சிப்பியில் ஏறும் நஞ்சை அளக்கிற ஆய்வகம், மருத்துவமனைகளிலிருந்து நோய்க் கணக்கு வாங்கும் சுகாதாரப் பிரிவு. ஒரே விரிகுடாதான், ஆனால் நான்கு பேரும் அதை நான்கு விதமாக எழுதி வைத்திருந்தோம். ஒருவர் எண் போட்ட இடத்துக்கு இன்னொருவர் பெயர் வைத்திருப்பார். ஒரு கூட்டம் கறுஞ்சிப்பியின் சதையை நிறுக்கும், இன்னொன்று ஓட்டோடு நிறுக்கும். வசந்தம் வந்தால் நீரில் ஒருவகை நுண்பாசி பெருகும், அதைக் குடிக்கும் சிப்பியில் நஞ்சு ஏறும், அந்தச் சிப்பியைத் தின்றவர்களுக்கு உதடு மரத்து மூச்சு நிற்கும். நீரைப் பார்த்தவர் கண்டது சிப்பியைப் பார்த்தவருக்கு எட்டுவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும்.

இதைச் சரிசெய்யத்தான் பொது வரையறை ஒன்று கட்டச் சொல்லி மேலிடம் உத்தரவு போட்டது. எது எதனுள் அடங்கும், எது எதோடு சேரும், எந்த விதி எதற்குப் பொருந்தும் என்று நான்கு துறையும் ஒத்துக்கொண்ட ஒரே அமைப்பு, கம்ப்யூட்டர் படித்துப் புரிந்துகொள்கிற மாதிரி. ஆவணங்களில் அதற்குப் பெயர் ஆன்டாலஜி. நாங்கள் மரம் என்போம். அடிமரத்தில் ஒரு விதியைக் கட்டினால் அதன் கிளைகளுக்கெல்லாம் அது தானாக இறங்கும். 'சிப்பி வகை' என்ற கிளையில் 'நஞ்சு கண்டால் அறுவடையை நிறுத்து' என்று எழுதிவிட்டால், அதற்குக் கீழே தொங்கும் ஒவ்வொன்றின் பண்ணைக்காரருக்கும் குறுஞ்செய்தி பறக்கும்.

இந்த மரத்தைக் கட்ட எந்த டாக்டரும் முன்வரவில்லை. நாலு துறைக்காரனிடமும் ஏச்சு வாங்குகிற வேலை. படிவங்களைத் தட்டச்சு செய்யவென்று ஒப்பந்தத்தில் வந்திருந்த கும்ரேயின் தலையில் அதைக் கட்டினார்கள்.

கும்ரே இருபத்திரண்டு வயதிலிருந்து பத்தொன்பது வருடம் மிதோதோக் உரித்தவர். மிதோதோக் என்பது கட்டைவிரல் அளவுக்கு ஒரு கடல் பிராணி. கயிற்றில் கொத்துக்கொத்தாகத் தொங்கி வளரும். மேலே தடித்த தோல், உள்ளே தண்ணீர்ப் பை. சின்னக் கத்தியால் தோலை மட்டும் சீவ வேண்டும், பை கிழியக்கூடாது. ஒரு நாளைக்கு நாலாயிரம், ஐயாயிரம். மணிக்கட்டு மடக்க முடியாமல் போன பிறகு, பெண்களுக்கென்று நகராட்சி நடத்திய கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்து, நாற்பத்து நாலு வயதில் எங்களிடம் வந்தார். ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு ஜூனிலும் அந்தத் தாள் வரும்வரை மேஜை இழுப்பறையைக் காலி செய்தே வைத்திருப்பார்.

மரம் கட்ட அவருக்கு இரண்டு பழக்கம் இருந்தது. முதலாவது வாளி. எதையாவது ஒரு கிளையில் வைப்பதற்கு முன் சந்தையிலிருந்து அந்தப் பொருளை வாளியில் வாங்கி வருவார். நான்கு துறையிலிருந்தும் ஆளுக்கொருவரைக் கூப்பிட்டு, "நீங்க இத என்ன பண்ணுவீங்களோ அதக் கையால செஞ்சு காட்டுங்க. வாயால சொல்ல வேணாம்" என்பார். ஆழத்தை எங்கிருந்து அளப்பது என்று வேதியியல்காரர்களும் நாங்களும் மூன்று வருடம் கடிதத்தில் சண்டை போட்டோம். கும்ரே இரண்டு பேரை ஒரே படகில் ஏற்றி, ஒரே இடத்தில் கயிறு இறக்கச் சொன்னார். அரை மணி நேரத்தில் தீர்ந்தது.

இரண்டாவது, தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது. மரத்தில் எதை மாற்றினாலும் அடிமரத்தில் ஒரு பொய் அபாயத்தைப் போட்டு, அது எந்தெந்தப் பெயர் வரைக்கும் இறங்குகிறது என்று எண்ணுவார். செய்தி வெளியே போகாது, பட்டியல் மட்டும் வரும். அதைத் தாளில் எடுத்து, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிய பிறகுதான் மாற்றத்தை ஒப்புக்கொள்வார். முழு நாள் ஆகும்.

மிதோதோக்கை அவர் சிப்பி வகையில் வைத்திருந்தார். என் கண்ணில் அது இரண்டு வருடமாக உறுத்திக்கொண்டிருந்தது. மிதோதோக் சிப்பியே அல்ல. அதன் குஞ்சுக்கு வாலில் முதுகுத்தண்டு போல ஒரு தண்டு உண்டு. இனப்படி பார்த்தால் அது சிப்பியை விட நமக்குத்தான் நெருக்கம். போன வருடம் பிப்ரவரியில், வெளியூர் நிபுணர் குழு மரத்தை மதிப்பிட வருவதற்கு முந்தின நாள், கூட்டத்தில் நான் அதை எடுத்தேன். குழுவில் இரண்டு பேர் என் துறைக்காரர்கள். அவர்கள் முன்னால் இந்தத் தப்போடு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஓக் அம்மா, இது ஆய்வு மையம். அடுப்படி இல்ல. ஒண்ணா சமைக்கிறதெல்லாம் ஒரே இனம் ஆயிடாது" என்றேன். சிலர் சிரித்தார்கள்.

கும்ரே சிரிக்கவில்லை. "அது யாருக்குப் பங்காளின்னு அதுக்கே தெரியாது டாக்டர். பக்கத்துக் கயிறுல சிப்பி என்ன தண்ணி குடிக்குதோ அதையேதான் இதுவும் குடிக்குது. நான் அத வச்சுதான் சேர்த்தேன்."

"நாளைக்கு வர்றவங்ககிட்ட இதச் சொன்னா நம்ம மானம் போயிடும்."

"அப்ப ஒரு வாளி கொண்டாரேன். வந்து பாருங்க."

"எனக்கு நேரம் இல்லம்மா. முதுகுத்தண்டுக் கிளைக்கு மாத்துங்க."

எங்கள் மையத்தின் குழுத்தலைவர் தாக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, மேலிடத்துக்குப் பயந்தவர். "டாக்டர் சொல்றத செஞ்சிடுங்க. தண்ணி ஊத்தறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

மாற்றினார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் ஏதோ தட்டியதைப் பார்த்தேன், என்னவென்று எட்டிப் பார்க்கவில்லை. மறுநாள் நிபுணர்கள் பாராட்டினார்கள். மார்ச் முழுக்க, தண்ணீர் ஊற்ற ஒரு நாள் வேண்டும் என்று கும்ரே மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் வேறு வேலை முந்திக்கொண்டது.

ஏப்ரல் இரண்டாம் வாரம், வியாழக்கிழமை. காலை பத்து பத்துக்கு நஞ்சு ஆய்வகம் சோதனை எண்ணை மரத்தில் ஏற்றியது. விரிகுடாவின் நான்காம் பகுதிக் கறுஞ்சிப்பியில், வரம்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே. அந்த வசந்தத்தின் முதல் அபாயம் அது. ஒருவரும் போனைத் தொடவில்லை, மரம் தானாகவே செய்தி அனுப்பியது. முன்பு ஒரு வாரம் எடுத்த வேலை ஒரே நிமிடத்தில் முடிந்தது. யாரோ கை தட்டினார்கள். தாக் எல்லோருக்கும் காபி சொன்னார்.

கும்ரே மட்டும் திரையில் பட்டியலை விரலால் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"முப்பத்தொண்ணு" என்றார்.

"என்ன முப்பத்தொண்ணு?" என்று கேட்டேன்.

"நாப்பது வரணும். நாலாம் பகுதியில மிதோதோக்காரங்க ஒன்பது பேரு. ஒருத்தருக்கும் போகல."

நகர்த்தச் சொன்னது நான்தான் என்பது உறைத்தது. அதை மறைக்க உடனே வாதம் செய்தேன். அதுதான் என் சுபாவம். "மிதோதோக்க இன்னும் சோதிக்கவே இல்லையே. அதுல நஞ்சு இருக்குன்னு எப்படிச் சொல்ல முடியும்?"

"போன வருஷம் வரைக்கும் சோதிக்காமலேதானே நிறுத்தினோம்? சிப்பியில வந்தா அதுவும் நிக்கும். அதானே விதி."

தாக்கிடம் போனார். கையால் செய்தி அனுப்ப தாக்கின் ஒப்புதல் வேண்டும். தாக் காபிக் கோப்பையைக் கீழே வைக்காமலே கேட்டார்: "சோதனை எண் எங்க?"

"இல்ல சார். மாதிரி எடுத்தாலே சாயங்காலம் ஆயிடும்."

"எண் இல்லாம என் பேருல அனுப்பச் சொல்றீங்களா? சனிக்கிழமை மிதோதோக் திருவிழா. நாளைக்கு ஒண்ணுமில்லன்னு ஆச்சுன்னா ஒன்பது பேரும் என் வீட்டு வாசல்ல வந்து உக்காருவாங்க. மாதிரி எடுக்கச் சொல்லுங்க. எண் வரட்டும்."

கும்ரே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து பதினெட்டு. போனை எடுத்து யாருக்கோ அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. இன்னொரு எண், பிறகு இன்னொன்று. யாரும் எடுக்கவில்லை.

"ஒன்பது பேரு சரக்கையும் ஒரே கொட்டகையிலதான் உரிப்பாங்க. அங்க போன எடுக்க மாட்டாங்க. கையுறை போட்டிருப்பாங்க. போனெல்லாம் ஒரு கூடையில போட்டு அடுப்புப் பக்கம் வச்சிருவாங்க." என் பக்கம் திரும்பினார். "டாக்டர், உங்க காரு இருக்கா?"

"எதுக்கு?"

"பதினோரு மணிக்குச் சாப்பிடுவாங்க."

காரில் ஏறிய பிறகுதான் அந்தப் பதினோரு மணியின் அர்த்தத்தைச் சொன்னார். உரிக்கும்போது பை கிழிந்துவிட்டால் அதை விற்க முடியாது. கிழிந்ததையெல்லாம் ஒரு கிண்ணத்தில் ஒதுக்குவார்கள். பதினோரு மணிக்கு அதைப் பச்சையாகவே பொடியாக நறுக்கி, சோற்றோடு மிளகாய் விழுதும் நல்லெண்ணெயும் சேர்த்து ஒரு பெரிய பேசினில் பிசைந்து, பதினாலு பெண்களும் சுற்றி உட்கார்ந்து தின்பார்கள். முதலாளி சோறு மட்டும்தான் தருவார். குழம்பும் கறியும் கிழிந்ததுதான். கும்ரே பத்தொன்பது வருடம் தின்ற சோறு அது.

"உரிக்கிறப்பவே வாயில போட்டுக்கிறதும் உண்டு" என்றார். "மல்நாம் அக்கா கிண்ணத்துக்கே விடாது. கிழிஞ்சா நேரா வாய்தான்."

மிதோதோக்கைப் பற்றி நான் ஏழு கட்டுரை எழுதியிருக்கிறேன். கிழிந்தது எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மருத்துவமனைக் கணக்கிலும் சந்தைக் கணக்கிலும் அந்தப் பேசின் கிடையாது. அது இருந்தது கும்ரேயின் தலையில் மட்டும். அந்தத் தலையைத்தான் நான் அடுப்படி என்று சொல்லி மற்றவர்களைச் சிரிக்க வைத்தேன்.

மலை வளைவில் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. ஒற்றை வழி. கொடி பிடித்தவன் எதிர்ப்பக்கத்து வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டான். பத்து முப்பத்தொன்பது. கும்ரே மடியில் போனை வைத்து ஒரே எண்ணுக்கு மறுபடி மறுபடி அடித்தபடி இருந்தார். ஹாரன் அடித்தேன். கொடிக்காரன் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கைய எடுங்க டாக்டர். அவன் இன்னும் லேட் பண்ணுவான்."

கொட்டகை வாசலில் வண்டியை நிறுத்தியபோது பத்து ஐம்பத்தாறு. லாரி சீக்கிரம் வந்துவிட்டதால் அன்றைக்குச் சோறும் சீக்கிரம். சிவப்புப் பேசின் நடுவில் இருந்தது. எழுபத்தொரு வயது மல்நாம் முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். பெண்கள் கரண்டியோடு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கும்ரே செருப்பைக் கூடக் கழற்றாமல் ஓடினார். பேசினின் விளிம்பைப் பிடித்து அப்படியே கவிழ்த்தார். சிவந்த சோறு ஈரத் தரையில் பரவியது.

 எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள்.

"என்னடி கேடு வந்துச்சு உனக்கு?" மல்நாமின் குரல் மற்ற எல்லாக் குரலையும் அமுக்கியது. "ஆபீசு வேலைக்குப் போனா சோத்துல மண்ணு போடச் சொல்லித் தருவாங்களா?"

"சிப்பியில விஷம் வந்திருக்கு அக்கா. நாலாம் பகுதி. இதுலயும் இருக்கும். யாரும் தின்னாதீங்க."

"செய்தி வரலையே." மல்நாம் எழுந்து, கையுறையைக் கழற்றி, கூடையிலிருந்து தன் போனை எடுத்துக் காட்டினார். கும்ரேயின் தவறிய அழைப்புகள் பதினொன்று இருந்தன. மையத்தின் செய்தி இல்லை. "நீதானே ரெண்டு வருஷமா படிச்சுப் படிச்சுச் சொன்ன? அவன் சொன்னான் இவ சொன்னான்னு பயப்படாதீங்க, மையத்துச் செய்தி வந்தா நிறுத்துங்க, வராட்டி உங்க வேலையப் பாருங்கன்னு. இப்ப நீயே அவ சொன்னா கதையா வந்து நிக்கிற."

 மல்நாம் சொன்னது உண்மை. வதந்தியால் ஒவ்வொரு வசந்தமும் இவர்கள் வேலை கெடுகிறது என்று, செய்தியை மட்டும் நம்பும்படி இவர்களைப் பழக்கியவர் அவர்தான்.

மல்நாம் என்னைப் பார்த்தார். "இவர் யாரு?"

"டாக்டர் பியோ. மிதோதோக் பத்தி எல்லாம் தெரிஞ்சவர்."

"அப்ப நீங்க சொல்லுங்க டாக்டர். இதுல விஷம் இருக்கா, இல்லையா?"

பதினாலு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். இருபத்தெட்டு வருடம் சோதனை இல்லாமல் எதையும் சொல்லாதே என்று மாணவர்களுக்குச் சொல்லி வந்த வாய் அது. சிப்பியில் அவ்வளவு இருந்தால் இதில் இல்லாமல் இருக்காது என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. வாய் பழகிய வழியில் போனது.

"இன்னும் சோதிக்கல. தெரியாது" என்றேன்.

மல்நாம் சிரித்தார். "தெரியாதாம்" என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னார். தட்டிலிருந்து கிழிந்த மிதோதோக் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். என்னைப் பார்த்துக்கொண்டே மென்றார். இன்னொன்று. மூன்றாவதை எடுத்தபோது கும்ரே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. காத்திருப்பு இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"செய்தி வராததுக்குக் காரணம் நான்தான்" என்றேன். "பட்டியல்ல இருந்து மிதோதோக்க எடுக்கச் சொன்னது நான். இவங்க வேணாம்னாங்க. நான் கேக்கல. இவங்க சொல்றத நம்புங்க."

கரண்டிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. மல்நாம் மூன்றாவதைத் தட்டில் போட்டார். அதற்குள் வயிற்றில் எவ்வளவு போயிருந்தது என்று அப்புறம்தான் கணக்குப் போட்டோம். விடியற்காலை நாலரை மணியிலிருந்து கிழிந்ததையெல்லாம் அவர் வாயில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். இருபது இருக்கலாம், முப்பதும் இருக்கலாம்.

பதினொன்று இருபதுக்கு மல்நாம் உதட்டைத் தடவிப் பார்த்தார். "பல்லுக்கு ஊசி போட்டாப்புல இருக்கு" என்றார்.  பிறகு விரல் நுனிகள் என்றார். கும்ரே அவரை முதுகில் சுமந்து வந்து என் காரின் பின் இருக்கையில் ஏற்றினார்.

மசான் வரைக்கும் முப்பத்தைந்து நிமிடம். கண்ணாடியில் அவர்கள் இருவரையும் பார்த்தபடி ஓட்டினேன்.

"அக்கா, பேசிக்கிட்டே வா. உன் பேரப்பிள்ளைங்க பேரச் சொல்லு."

"எதுக்குடி. உனக்குத் தெரியாததா."

"சொல்லு."

மல்நாம் சொன்னார். ஆறு பேர். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வைத்தார் கும்ரே. நாலாவது சுற்றில் மூன்றாவது பேரனின் பெயர் குழறியது. ஆறாவது சுற்றில் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கும்ரே அவர் நெஞ்சில் கையை வைத்து மூச்சை எண்ண ஆரம்பித்தார். பட்டியலைத் தொட்டு எண்ணுகிற அதே சின்னக் குரல். கொடிக்காரன் நின்ற இடத்தில் இந்தத் தடவை நான் ஜன்னலை இறக்கிக் கெஞ்சினேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கத்தை அவனே மறித்தான்.

மருத்துவமனையில் மூச்சு இயந்திரம் வைத்தார்கள். அங்கிருந்து நான் தாக்கைக் கூப்பிட்டு, "இப்ப உங்களுக்கு எண் வேணுமா, ஆள் இருக்கு" என்றேன். அந்த ஒன்பது பேருக்கும் செய்தி போனது பன்னிரண்டு இருபதுக்கு. ஏலத்துக்குப் போன பெட்டிகள் லாரியிலேயே நிறுத்தப்பட்டன. சாயங்காலம் சோதனை எண் வந்தது. வரம்பைத் தாண்டியிருந்தது. திருவிழா நடக்கவில்லை.

மல்நாம் இரண்டு நாள் இயந்திரத்தில் இருந்தார். மூன்றாம் நாள் குழாயை எடுத்ததும் முதலில் பார்த்தது கும்ரேயை. "கவுத்த சோத்துக்கு யாருடி பதில் சொல்றது" என்றாராம்.

மே மாதம் விசாரணை. மரத்தின் பதிவேட்டைத் திறந்தார்கள். மிதோதோக்கை நகர்த்திய வரியில் கும்ரேயின் பெயர். பக்கத்துக் கட்டத்தில் பிப்ரவரியில் அவர் தட்டியதை அன்றைக்குத்தான் படித்தேன். 'சொன்னவர்: டாக்டர் பியோ. நகர்த்தியவர்: ஓக். வாளி வைக்கவில்லை. தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றும்வரை இந்த வரியை நம்ப வேண்டாம்.' இரண்டரை மாதம் அது எல்லோர் கண்ணுக்கும் எதிரே இருந்திருக்கிறது. காரணக் கட்டத்தை யாரும் படிப்பதில்லை.

நடந்தது எல்லாவற்றையும் விசாரணையில் சொன்னேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது, தாக்குக்கு இன்னொன்று. கும்ரேவுக்குக் கடிதம் வரவில்லை. ஜூனில் ஒப்பந்தத் தாளும் வரவில்லை. கடிதம் கொடுக்க நிரந்தர வேலை இருக்க வேண்டும். நான் மேலிடத்துக்கு இரண்டு தடவை எழுதினேன். இரண்டுக்கும் மரியாதையான பதில் வந்தது. எனக்கு அந்தக் கட்டடத்தின் மேலேயே வெறுப்பாகிவிட்டது. ஆனாலும் இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.

கடைசி மாதம் கும்ரே இரண்டு வேலை செய்தார். மிதோதோக்கை என் இனப்படியே விட்டுவிட்டு, 'அந்தத் தண்ணீரைக் குடிப்பவை' என்று இன்னொரு கிளை போட்டு, சிப்பியையும் மிதோதோக்கையும் அதிலும் சேர்த்தார். ஒரு பொருள் இரண்டு கிளையில் தொங்கலாம். இது எனக்கு முன்பே தெரியும், ஆனால் பிப்ரவரியில் என் மூளைக்குத் தோன்றவில்லை. இரண்டாவது வேலைக்குத்தான் எதிர்ப்பு. ஒவ்வொரு பொருளுக்கும் 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டோடு 'தெரியாது' என்ற ஒன்றையும் சேர்க்க வேண்டும் என்றார். சோதிக்காததை வெற்றாக விட்டால் போதுமே என்றார்கள் வேதியியல்காரர்கள்.

"வெத்தா விட்டா யாருக்கும் செய்தி போகாது" என்றார் கும்ரே. "தெரியாதுங்கறதும் ஒரு செய்திதான். டாக்டர் அன்னைக்கு அதச் சொன்னாரு."

கூட்டத்தில் அவருக்கு ஆதரவாக உயர்ந்த முதல் கை என்னுடையது. மறுநாள் சந்தைக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனவனும் நான்தான். தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், முழு நாள் ஆனது. விரிகுடா முழுக்க இருநூற்றுப் பதினாலு பெயர். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினோம். முடித்ததும் கும்ரே தன் இழுப்பறையைத் திறந்து பார்த்தார். அதில் எடுக்க எதுவும் இல்லை.

இப்போது கும்ரே மறுபடி கொட்டகையில் இருக்கிறார். மணிக்கட்டு ஒத்துழைக்காததால் உரிப்பதில்லை, பெட்டிக்கு எண் போடுகிறார். இந்த வருடம் ஏப்ரல் மூன்றாம் தேதி, காலை ஒன்பது நாற்பதுக்கு முதல் அபாயம் வந்தது. இரண்டு நிமிடத்தில் என் போன் அடித்தது. மல்நாம்.

"டாக்டர், செய்தி வந்திருக்கு. படிக்கட்டுமா?"

"படிங்கம்மா."

"மிதோதோக், நாலாம் பகுதி. தெரியாது. தெரியும்வரை சாப்பிடாதீர்கள்."

"ஆமாம்மா. நிறுத்திட்டீங்கல்ல?"

"கும்ரே கிண்ணத்தத் தூக்கிக் கொட்டிட்டா. இன்னைக்கு வெறும் சோறும் கடற்பாசியும்." கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டார். அந்த மூச்சை நான் கவனித்துக் கேட்டேன். "ஏன் டாக்டர், அன்னைக்கு நீங்களும் தெரியாதுன்னுதானே சொன்னீங்க?"

"ஆமாம்மா."

"இந்த ரெண்டாவது வரிய அன்னைக்கே சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனே."

 போனில் அவருக்குப் பின்னால் கும்ரே யாருக்கோ பெட்டிகளை எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. அந்த இரண்டாவது வரியை எழுதியது அவர்.